‘கள்’ சேர்க்குமுன் ‘ஐ’ சேர்த்துப் பாருங்கள்

தமிழில் ஒருமைப் பெயரைப் பன்மையாக்குவதற்குக் ‘கள்’ என்னும் ஒரே விகுதி போதும் என்று நம்பிப் பேனாவை எடுக்கிறவர், மரம் என்பது மரங்கள் ஆவதையும், கல் என்பது கற்கள் ஆவதையும், பசு என்பது பசுக்கள் ஆவதையும், வீடு மட்டும் ஒரு மாறுதலுமின்றி வீடுகள் என்றே நிற்பதையும் கண்டு, இத்தனைக்கும் தனித்தனியே விதிகளை மனப்பாடம் செய்யவேண்டியிருக்குமோ என்று மலைப்பது இயல்பே. இலக்கண நூலைத் திறந்தாலோ மலைப்பு அதிகமாகும். குற்றியலுகரத்தை மட்டுமே நன்னூல் ஆறு வகையாகப் பிரித்துப் பேசுகிறது. சங்கத்தின் ஆண்டறிக்கையை எழுதும் காரியதரிசிக்கும், சிற்றிதழ் ஒன்றின் அச்சுப்படியைத் திருத்துகிறவருக்கும், அழைப்பிதழுக்கு வாசகம் அமைப்பவருக்கும் அவ்வளவு ஆராய்ச்சிக்கு அவகாசம் இராது. ஆகையால் இந்த அத்தியாயத்தில் சாஸ்திரத்தைக் கூடியவரை ஒதுக்கிவைத்து, தமிழைத் தாய்மொழியாகப் பேசும் எவருக்கும் நாவிலேயே இருக்கிற ஓர் உரைகல்லைக் கொண்டு காரியத்தை முடிக்கும் வழியைச் சொல்லுகிறேன்.

உரைகல் எது?

இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’தான் அது. பள்ளிக்கூடத்தையே எட்டிப் பாராதவர்கூட ‘பசுவைக் கட்டு’ என்பாரேயன்றிப் ‘பசைக் கட்டு’ என்னமாட்டார். ‘வீட்டைப் பூட்டு’ என்பாரேயன்றி ‘வீடுவைப் பூட்டு’ என்னமாட்டார். ஒரு சொல்லின் ஈறு எப்படிப்பட்டது என்ற ரகசியத்தை ‘ஐ’ சேரும்போது நாவு தானாகவே வெளியிட்டுவிடுகிறது. அதைக் கேட்டுக்கொண்டு ‘கள்’ளை எழுதினால், சந்தேகத்துக்குரிய சொற்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

செய்முறை

1. எழுத வேண்டிய சொல் மனிதரைக் குறிப்பதா, பிறவற்றைக் குறிப்பதா என்று முதலில் பாருங்கள். மனிதரைக் குறித்து ‘ன்’ என்று முடிவதாயின் (மாணவன், அரசன்) இந்தச் சோதனை வேண்டாம். பின்னால் வரும் ‘மனிதரைக் குறிக்கும் பெயர்கள்’ என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

2. ‘ஐ’யைச் சேர்த்து, ‘கண்டேன்’ என்னும் வினையோடு வாய்விட்டுச் சொல்லுங்கள்: பசுவைக் கண்டேன், வீட்டைக் கண்டேன், கல்லைக் கண்டேன். மனத்துக்குள் சொன்னால் போதாது. பேச்சில் ‘பசுவ’, ‘வீட்ட’ என்று ‘ஐ’ குறுகி ஒலித்தாலும் பாதகமில்லை. நாம் கவனிப்பது ‘ஐ’யை அன்று, அதற்கு முன்னே நேரும் மாறுதலை.

3. அந்த மாறுதல் கீழ்க்கண்டவற்றுள் எது என்று பாருங்கள்.

 அ) இடையில் ‘வ்’ தோன்றினால், பன்மையில் ‘க்’ இரட்டிக்கும்: பசுவை, பசுக்கள்.

 ஆ) ஈற்றிலிருந்த உகரம் மறைந்துவிட்டால், வெறும் ‘கள்’: விளக்கை, விளக்குகள்.

 இ) ஈற்று ‘ல்’ அல்லது ‘ள்’ இரட்டித்தால், ‘ல்’ என்பது ‘ற்’ ஆகும், ‘ள்’ என்பது ‘ட்’ ஆகும்: கல்லை, கற்கள், முள்ளை, முட்கள்.

 ஈ) ‘ம்’ போய் ‘த்து’ வந்தால், ‘ம்’ என்பது ‘ங்’ ஆகும்: மரத்தை, மரங்கள்.

 உ) இவற்றுள் எதுவும் நேராவிட்டால், அப்படியே ‘கள்’: கிளியை, கிளிகள்; மீனை, மீன்கள்; வேரை, வேர்கள்; இதழை, இதழ்கள்.

4. பன்மையை எழுதிய பிறகு வாக்கியத்தின் வினைமுற்றைப் பாருங்கள். அதுவும் பன்மையாயிருக்க வேண்டும்.

இவ்வளவுதான் முறை. இனி, ஒவ்வொரு வகையிலும் கை தவறக்கூடிய இடங்களைப் பார்ப்போம்.

‘வ்’ தோன்றும் சொற்கள்

கொசு, தெரு, அணு, புழு, குரு, மனு, வடு, கரு ஆகிய இரண்டு குற்றெழுத்துச் சொற்கள் யாவும் கொசுவை, தெருவை, அணுவை என்று ‘வ்’ பெற்று வருவதால், கொசுக்கள், தெருக்கள், அணுக்கள் என்று ‘க்’ இரட்டித்தே எழுதப்படவேண்டும். ஆ, ஊ, ஓ என்னும் நெட்டெழுத்துகளில் முடியும் சொற்களும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவையே: விழாவை, விழாக்கள், வினாவை, வினாக்கள், புறாவை, புறாக்கள், பூவை, பூக்கள். அம்மாக்கள், தாத்தாக்கள் என்பனவும் அப்படியே.

இதற்கு ஒரே ஒரு விலக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘ஈ’ என்ற நெட்டெழுத்தில் முடியும் சொல் ‘வ்’ பெறாமல் ‘ய்’ பெறும். ஆயினும் ‘க்’ இரட்டிக்கும். ஈயை, ஈக்கள், தேனீயை, தேனீக்கள்.

இனி, உகரம் மறையும் வகைக்கு வருவோம். வீடு, காடு, ஆறு, கிணறு, கயிறு போன்ற சொற்கள் புதிதாக எழுதுகிறவரைச் சற்றே ஏமாற்றக்கூடும். வீட்டை, ஆற்றை, கிணற்றை என்று ‘ஐ’ சேரும்போது ‘ட்’டும் ‘ற்’றும் இரட்டிக்கின்றனவே, பன்மையிலும் அவ்வாறு இரட்டிக்கலாமா என்ற ஐயம் எழலாம். கூடாது. உகரம் மறைந்துவிட்டது என்பதே நமக்குப் பிரதானம். ஆகையால் வீடுகள், ஆறுகள், கிணறுகள், கயிறுகள். (எண்ணைக் குறிக்கும் ஆறும் நீரோடும் ஆறும் உருபேற்கும்போது வேறுபடுகின்றன. ‘ஆறிலும் சாவு நூறிலும் சாவு’ என்ற பழமொழியில் இரட்டிக்காதது எண்ணாக இருப்பதனால்தான். ‘ஆற்றிலும்’ என்று சொன்னால் வெள்ளத்தில் போனவன் கதையாகிவிடும்.)

கதவு, உறவு, கனவு, செலவு முதலியவற்றை இலக்கணம் வேறு பெயரிட்டு அழைத்தாலும், நாவு கதவை, உறவை, கனவை என்று உகரத்தை விட்டுவிடுகிறது. எனவே கதவுகள், உறவுகள், கனவுகள். ‘உறவுக்கள்’ என்று எழுதுவோர் இல்லாமலில்லை, அது பிழை.

வடமொழியிலிருந்து வந்த உகர ஈற்றுச் சொற்களிலேதான் இந்த உரைகல்லின் அருமை தெரிகிறது. சாது, ஜந்து, தாது, வஸ்து, பிரபு ஆகியவற்றைப் பார்வையால் மட்டும் நோக்கினால், விருது, எருது போன்ற சொற்களுக்கும் இவற்றுக்கும் வேற்றுமை தெரியாது. ஆனால் விருதை, எருதை என்று சொல்லும் அதே நாவு சாதுவை, ஜந்துவை, பிரபுவை என்று சொல்லுகிறது. ஆகவே விருதுகள், எருதுகள். ஆனால் சாதுக்கள், ஜந்துக்கள், பிரபுக்கள். இன்னும் நுட்பமான உதாரணம் ஒன்று உண்டு. பிள்ளைகள் எறிந்து விளையாடும் பந்தை நினைத்தால் பன்மை ‘பந்துகள்’. கல்யாணத்துக்கு அழைக்கவேண்டிய உறவினராகிய பந்துவை நினைத்தால் பன்மை ‘பந்துக்கள்’. ஒரே எழுத்துகளாலான இரண்டு சொற்களை ஒரு ‘க்’ பிரித்துவைக்கிறது.

*குறிப்பு:* லட்டு போன்ற சில சொற்களில் ‘லட்டை’ என்பாரும் ‘லட்டுவை’ என்பாரும் உண்டு. நீங்கள் எப்படிச் சொல்லுவீர்களோ அப்படியே பன்மையையும் அமைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய இடத்தில் ஒரு வழியைப் பிழையென்று தள்ள எவருக்கும் அதிகாரமில்லை.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?

அழைப்பிதழ் அச்சிடுகிற ஒவ்வொருவரும் ஒருநாள் இந்தக் கேள்வியோடு நிற்பதால், இதைத் தனியே சொல்லவேண்டியிருக்கிறது. எழுத்து, கருத்து, வாழ்த்து, பாட்டு, வகுப்பு, தோப்பு ஆகிய சொற்களில் ஈற்று உகரத்துக்கு முன்னே வல்லின மெய் நிற்கிறது. இப்படிப்பட்ட சொல்லோடு வேறொரு தனிச்சொல் வந்து சேருங்கால் வல்லினம் மிகுவது முறை: எழுத்துக்கலை, பாட்டுப்போட்டி, வகுப்புத்தலைவன். அந்தப் பழக்கத்தைக் ‘கள்’ளுக்கும் நீட்டி, எழுத்துக்கள், கருத்துக்கள், வாழ்த்துக்கள் என்று இரட்டித்து எழுதுவது பழைய அச்சு நூல்களில் சாதாரணமாகக் காணக்கூடியதே; அப்படி எழுதியவர்களுள் மூத்த புலவர்களும் உளர். எனினும் ‘கள்’ என்பது தனிச்சொல் அன்று, விகுதி. அதன்றியும் நமது உரைகல் எழுத்தை, கருத்தை, வாழ்த்தை என்று உகரம் மறைவதையே காட்டுகிறது. ஆகையால் எழுத்துகள், கருத்துகள், வாழ்த்துகள் என்று எழுதுவதே நேரிய வழி என்பது என் அபிப்பிராயம். இந்நூலிலும் அவ்வாறே எழுதப்பட்டிருக்கிறது.

வாழ்த்துக்கள் என்றால் வாழ்த்தும் கள்ளும் என்று பொருள்பட்டுவிடும் என மேடைகளில் பரிகாசம் செய்வதுண்டு. அதைச் சிரித்துவிட்டு மறந்துவிடுங்கள். அந்தப் பரிகாசம் நியாயமானால், பூக்களையும் பசுக்களையும் நாம் எழுதவே முடியாது.

‘ல்’, ‘ள்’ ஈறுகள்

பல், சொல், புல் ஆகியவை பல்லை, சொல்லை, புல்லை என்று இரட்டிப்பதால் பற்கள், சொற்கள், புற்கள் என்றாகும். கால், நூல், விரல், பாடல், கடல் ஆகியவை காலை, நூலை, விரலை என்று இரட்டிக்காமல் நிற்பதால் கால்கள், நூல்கள், விரல்கள் என்றே இருக்கும். இங்கே எவருக்கும் தடுமாற்றம் நேர்வதில்லை. ‘விரற்கள்’ என்று எழுதியவரை நான் கண்டதில்லை.

தடுமாற்றம் முழுவதும் ‘ள்’ ஈற்றில் வந்து குவிந்திருக்கிறது. தோள்கள், வாள்கள், தாள்கள், கோள்கள் என்று சரியாக எழுதுகிற அதே கை, நாள் என்ற சொல்லுக்கு வந்தவுடன் ‘நாட்கள்’ என்றும், பொருள் என்ற சொல்லுக்கு வந்தவுடன் ‘பொருட்கள்’ என்றும், ஆள் என்ற சொல்லுக்கு வந்தவுடன் ‘ஆட்கள்’ என்றும் எழுதிவிடுகிறது. நாளை, பொருளை, ஆளை என்பவற்றுள் எங்கும் ‘ள்’ இரட்டிக்கவில்லை. ஆகவே நாள்கள், பொருள்கள், ஆள்கள் என்பவையே இந்த முறைக்கு ஒத்தவை. இந்த மயக்கத்துக்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. நாட்குறிப்பு, நாட்காட்டி, பொருட்காட்சி, ஆட்கொணர்வு ஆகிய தொடர்களில் ‘ள்’ என்பது ‘ட்’ ஆவது முற்றிலும் சரி. அங்கே இரண்டு தனிச்சொற்கள் புணர்கின்றன. தினந்தோறும் கண்ணில் படுகிற அந்த ‘ட்’ பன்மைக்குள்ளும் நுழைந்துவிட்டது. தோளுக்கும் கோளுக்கும் அவ்வளவு பழக்கமான தொடர்கள் இல்லாமையால் அவை தப்பின.

நாட்கள், பொருட்கள் என்பவை இன்று பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் வேரூன்றிவிட்டன; அவற்றைக் கண்ட இடத்திலெல்லாம் சிவப்பு மையால் அடிப்பது அவசியமென்று நான் கருதவில்லை. ஆனால் ஒரே நூலில், சில சமயம் ஒரே பக்கத்தில், மேலே ‘நாள்கள்’ என்றும் கீழே ‘நாட்கள்’ என்றும் வருவதை மட்டும் மன்னிக்க முடியாது. எழுதத் தொடங்குமுன் எது உங்கள் வழி என்று முடிவு செய்து, ஒரு காகிதத்தில் குறித்து, மேசைமேல் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டிவையுங்கள்.

*ஜாக்கிரதை:* துகள், குறள் ஆகிய சொற்கள் ‘ள்’ என முடிவதனாலேயே பன்மையென்று மயங்கவேண்டாம். அவற்றின் பன்மை துகள்கள், குறள்கள். மறுபுறம் ‘மக்கள்’ என்பது முன்னமே பன்மையாதலால் அதன்மேல் மீண்டும் ‘கள்’ ஏற்றலாகாது.

கண், பெண், நெய், மெய் ஆகியவையும் கண்ணை, பெண்ணை, நெய்யை, மெய்யை என்று இரட்டிக்கத்தான் செய்கின்றன. ஆயினும் பன்மையில் மாறுவது ‘ல்’லும் ‘ள்’ளும் மட்டுமே; கண்கள், பெண்கள், மெய்கள்.

மனிதரைக் குறிக்கும் பெயர்கள்

மாணவன், மனிதன், அரசன், திருடன் என்று ‘ன்’ ஈற்றில் முடிபவற்றை இவ்வாறு மாற்றுங்கள்:

1. ‘ன்’ என்பதை ‘ர்’ ஆக்குங்கள்: மாணவர்.
2. அதன்மேல் ‘கள்’ சேருங்கள்: மாணவர்கள்.

‘மாணவர்’ என்பதே பன்மையாயிற்றே, பன்மையின்மேல் பன்மை எதற்கு என்று கேட்பவர் உண்டு. ‘ர்’ விகுதி மரியாதை கருதி ஒருவரையும் குறிக்கத் தொடங்கிவிட்டமையால், பலரைத் தெளிவாகக் குறிக்கக் ‘கள்’ தேவைப்படுகிறது. தொல்காப்பியம் ‘கள்’ளை அஃறிணைப் பெயர்களோடு சேர்த்தே பேசினாலும், பூரியர்கள் என்ற ஆட்சி திருக்குறளிலேயே இருப்பதால், இதைப் புதுமையென்று ஒதுக்கவும் இயலாது.

மகன், பையன், அண்ணன் போன்றவை ‘ன்’ மாறாமலே மகன்கள், பையன்கள், அண்ணன்கள் என்று நிற்கும். முறைப்பெயர்களுக்கு ‘மார்’ சேர்த்து அண்ணன்மார், தாய்மார் என்று எழுதுவது இன்னும் அழகு. சூரியன் என்பது மனிதப் பெயரின் உருவத்திலிருந்தாலும், வானநூல் எழுதுகிறவர் ‘சூரியர்கள்’ என்று எழுதாமல் ‘சூரியன்கள்’ என்றே எழுதவேண்டும். கோயிலில் அர்ச்சனை செய்யும் குருக்கள் ஒருவரே. அவரைப் பற்றி எழுதுகையில் ‘குருக்கள் வந்தார்’ என்பது போதும்.

அயற்சொற்கள்

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போதும் உரைகல் பெரும்பாலும் கைகொடுக்கிறது. ரேடியோவை, ரேடியோக்கள், சினிமாவை, சினிமாக்கள், காரை, கார்கள். ‘ம்’ ஈற்றில் இது விசேஷமாகப் பயன்படும்: ஆல்பத்தை என்று நாவு ‘த்து’ சேர்த்தால் ஆல்பங்கள், ரூமை, டீமை என்று சேர்க்காவிட்டால் ரூம்கள், டீம்கள். ‘ரூங்கள்’ என்று எழுதினால் அச்சுக்கோப்பவரே சிரிப்பார்.

கைவிடும் இடம் ஒன்று உண்டு. மில், பில், செல் ஆகியவை மில்லை, பில்லை, செல்லை என்று இரட்டித்தாலும், ‘மிற்கள்’, ‘பிற்கள்’ என்று யாரும் எழுதுவதில்லை. மில்கள், பில்கள், செல்கள் என்று விட்டுவிடுங்கள்.

*யோசனை:* டிக்கெட், பாக்கெட், மைக் என்று வல்லின மெய்யில் சொல் முடிவது தமிழுக்கு இயல்பன்று. ஓர் உகரத்தைச் சேர்த்து டிக்கெட்டுகள், பாக்கெட்டுகள், மைக்குகள் என்று எழுதினால் வாசிப்பும் சுலபம், உருபு சேர்ப்பதும் சுலபம்.

‘கள்’ளுக்குப் பின் உருபு சேர்த்தல்

ஒருமையில் எத்தனை வேறுபாடுகள் இருந்தாலும், பன்மையாகிவிட்டபின் எல்லாப் பெயர்களும் ஒரே வழியில் செல்லுகின்றன. வரிசை மாறாமல் இப்படிச் செய்யுங்கள்:

1. முதலில் பெயர், அடுத்துக் ‘கள்’, அதன்பின் உருபு. மரங்களை, மரங்களால், மரங்களில், மரங்களின், மரங்களோடு.

2. ‘கு’ உருபுக்கு முன்னே ஓர் உகரத்தைச் சேருங்கள்: மரங்களுக்கு, மாணவர்களுக்கு. செய்யுள் நடையை விரும்புகிறவர் மரங்கட்கு, அவர்கட்கு என்று எழுதலாம், அதுவும் மரபே. ‘மாணவர்களிற்கு’ என்பதை விலக்குங்கள்.

3. ‘ஐ’, ‘கு’ ஆகிய இவ்விரு உருபுகளுக்கும் பின்னே க, ச, த, ப முதலாகிய சொல் வந்தால் ஒற்று மிகும்: மரங்களைக் கண்டேன், மாணவர்களுக்குச் சொன்னேன்.

4. ஆல், ஓடு, இல், இன் ஆகிய உருபுகளுக்குப் பின் ஒற்றுப் போடாதீர்கள்: கற்களால் கட்டினர், மரங்களில் சில, மரங்களின் கிளை.

5. உருபில்லாத வெறும் ‘கள்’ளுக்குப் பின்னும் ஒற்று வேண்டாம்: மரங்கள் சாய்ந்தன.

மூன்றாம் படியைத்தான் மிகப் பலர் மறக்கின்றனர். எழுதி முடித்தபின், ‘களை’, ‘களுக்கு’ என்ற முடிவுகளை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டு ஒருமுறை பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்துவிட்டால் விட்டுப்போன ஒற்றுகள் அகப்பட்டுவிடும்.

*ஆக, ஆன:* ‘ம்’ ஈற்று ஒருமைச் சொல்லோடு இவை சேரும்போது, வேற்றுமை உருபுகளுக்கு முன் வருவதுபோல் ‘த்து’ வருவதில்லை. வட்டத்தை, வட்டத்தில், ஆனால் வட்டமாக, வட்டமான.

வினையும் எண்ணும்

மரங்கள் சாய்ந்தது, பசுக்கள் மேய்கிறது என்று எழுதுவது பேச்சுவழக்கின் செல்வாக்கு. மரங்கள் சாய்ந்தன, பசுக்கள் மேய்கின்றன, நூல்கள் உள்ளன என்று எழுதுங்கள். எதிர்மறையில் ‘இது மரம் அன்று, இவை மரங்கள் அல்ல’ என்ற வேறுபாட்டைக் காப்பது நல்லது.

‘ஒவ்வொரு’ என்பதற்குப் பின் பன்மை வரலாகாது. ஒவ்வொரு மாணவரும், எல்லா மாணவர்களும். எண் முன்னே நிற்கையில் அஃறிணைப் பெயர் பன்மை விகுதி பெறாமலும் இருக்கலாம்: பத்து மரம், மூன்று நாள். இது கொச்சை அன்று, மரபு.

கணினியில் திருத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை

ஒரு சொல்லைத் தேடி எல்லா இடங்களிலும் ஒருசேர மாற்றும் வசதி கணினியில் இருக்கிறது. ‘வாழ்த்துக்கள்’ முதலியவற்றைத் திருத்தும் உற்சாகத்தில், ‘க்கள்’ என்பதையெல்லாம் ‘கள்’ என்று மாற்றும்படி அதற்குக் கட்டளையிட்டால், பூக்கள் ‘பூகள்’ ஆவதோடு நில்லாது, மக்கள் யாவரும் ஒரே நொடியில் ‘மகள்’ ஆகிவிடுவர். ‘ட்கள்’ என்பதை ‘ள்கள்’ ஆக்கினால் முட்கள் ‘முள்கள்’ ஆகும். ‘டிக்கெட்கள்’ என்று யாராவது எழுதியிருந்தால் அது ‘டிக்கெள்கள்’ என்னும் புதிய பிராணியாக மாறும். ஆகவே:

1. மூலப்படியின் நகல் ஒன்றை முதலில் வேறிடத்தில் சேமித்துவையுங்கள்.

2. விகுதியை மட்டும் தேடாமல் முழுச்சொல்லைத் தேடுங்கள்: ‘வாழ்த்துக்கள்’, ‘எழுத்துக்கள்’ என்று ஒவ்வொன்றாக.

3. உருபேற்ற வடிவங்களைத் தனியே தேடுங்கள். ‘வாழ்த்துக்கள்’ என்று தேடினால் ‘வாழ்த்துக்களை’ என்பது அகப்படாது. கடைசிப் புள்ளி அங்கே இல்லை.

4. ஒருசேர மாற்றாமல், ஒவ்வோரிடத்தையும் பார்த்துப் பார்த்து மாற்றுங்கள்.

5. மேற்கோள்கள், நூல்களின் தலைப்புகள், நிறுவனங்களின் பெயர்கள் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். ஒருவர் தம் நூலுக்கு ‘நாட்கள்’ என்று பெயரிட்டிருந்தால், அது அவர் இட்ட பெயர். நம் இலக்கணம் அங்கே செல்லாது.

அப்பியாசம்

கீழ்க்கண்ட சொற்களுக்கு ‘ஐ’ சேர்த்துச் சொல்லிப் பார்த்துப் பன்மை எழுதுங்கள்: உலா, இரவு, ரோஜா, பரு, நண்டு, நிறம், பிலிம், குருவி, வயிறு, வாயு, நோய், வில்.

விடைகள்: உலாக்கள், இரவுகள், ரோஜாக்கள், பருக்கள், நண்டுகள், நிறங்கள், பிலிம்கள், குருவிகள், வயிறுகள், வாயுக்கள், நோய்கள். நாயை, நோயை என்பவற்றில் வரும் ‘ய்’ இடையில் தோன்றியதன்று, சொல்லுக்கே உரியது. அதனால் அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. கடைசிச் சொல்லாகிய வில் என்பது வில்லை என்று இரட்டிப்பதால் ‘விற்கள்’ என்பதே கணக்குப்படி விடை. அது செவிக்கு அந்நியமாகப் படுமானால், எண்ணை முன்னே வைத்து ‘ஐந்து வில்’ என்று எழுதி அப்பால் நகரலாம்; அஃறிணைப் பெயர்களுக்கு அந்தச் சலுகை உண்டு என்பதை மேலேயே பார்த்தோம்.